நானூறு பொட்டு

முந்தாநாள் ஆயுத பூஜைக்காக ஷெட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கிரைண்டிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இந்தத் தடவை தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். வழக்கம்போல ஒரு ஸ்பேனரோ செத்த பல்லியோ வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு ஷாஃப்ட், கடைந்தெடுத்த இரும்புத் தண்டு. பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு சாண் நீளம், கட்டைவிரல் தடிமன். எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்ததால் மற்ற இடமெல்லாம் பிழைத்துக் கிடந்தது. நடுவில் மட்டும் வட்டமாகப் பழுப்புத் துரு, சரியாக உன் மோதிர விரல் அளவுக்கு.

"அடப்பாவி, நீ இங்கேதான் இருக்கியா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அளவு பார்க்கும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த செல்வி திரும்பினாள். "யாரு சார்?" என்றாள். "பொட்டு" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மிடம் அவள் வேலைக்குச் சேர்ந்தது அந்தக் கூத்தெல்லாம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து. உனக்குச் சொன்னால் புரியும். அதனால்தான் இந்த விடுமுறை நாளில், ஐயப்பன்தாங்கல் வீட்டில், மகளின் மேஜையைப் பிடுங்கிக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போய் எட்டு மாதமாகிறது. மண்ணூர்பேட்டை ஷெட் அப்படியேதான் இருக்கிறது. மழை வந்தால் முன்பக்கம் முழங்கால் தண்ணீர், வெயில் வந்தால் தகரம் சடசடக்கிறது. ஒரு காலத்தில் உங்கள் தாத்தா கேழ்வரகு போட்ட நிலத்தில், தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போனதுபோக மிஞ்சிய துண்டு அது. நான் டிப்ளமோ படித்துவிட்டு விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்தவன். ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். என் "அங்கிட்டு, இங்கிட்டு" உனக்குச் சிரிப்பு. உன் "வந்துகினு, போய்கினு" எனக்குச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே கூட்டுத் தொழில் ஆரம்பித்த ஆட்கள் நாம் இரண்டு பேராகத்தான் இருப்போம். இடம் உன்னுடையது, வரைபடம் பார்க்கும் கண் என்னுடையது. கை இரண்டு பேருக்கும் இருந்தது.

ஆனால் நமக்குள் மூன்றாவதாக ஒரு கூட்டாளி இருந்தார். அவரைக் கேட்காமல் நீ ஒரு துரும்பையும் அசைக்க மாட்டாய். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பாய். மெஷின் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நொடி. புதுக் கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஒரு நொடி. "டீ சொல்றதுக்கு சாமிகிட்ட உத்தரவு வாங்கிட்டியா?" என்று நான் சீண்டினால், "அத்து போன வாரமே வாங்கிட்டேன் நைனா, நீ சொல்லு" என்பாய்.

அப்படி நின்று என்னதான் கேட்கிறாய் என்று ஒருநாள் உன்னைப் பிடித்துக்கொண்டேன். ஆர்டர் வேண்டும், வியாபாரம் பெருக வேண்டும் என்று கேட்பாய் என்றுதான் நினைத்தேன். நீ கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னாய்: "பெருசா ஒண்ணும் இல்ல. கை தப்பினா கண்ணுல காட்டுன்னு கேப்பேன். அவ்ளோ தான்." நான் சிரித்தேன். அதற்குத்தான் மைக்ரோமீட்டர் இருக்கிறதே, ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தப்பினாலும் காட்டிவிடுமே என்றேன். "மைக்ரோமீட்டர எட்த்து வெச்சி பாக்கணும்னு தோணணும்ல?" என்றாய். உன்னிடம் எப்போதும் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

பூந்தமல்லியில் ஒரு பட்டறையை மூடுகிறார்கள், பழைய கிரைண்டிங் மெஷின் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனோமே, அதை நினைத்துப் பார். எனக்கு மெஷினைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அன்றைக்கே பேசி முடித்துவிடலாம் என்றேன். நீ உங்கள் தெரு அம்மனிடம் பூ கேட்காமல் முடியாது என்றாய். அம்மன் தலையில் வைத்த பூ வலது பக்கம் விழுந்தால் உத்தரவு, இடது பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். நானும் வந்து நின்றேன். ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றே முக்கால் மணி நேரமும் போயிற்று. பூ வலதும் விழவில்லை, இடதும் விழவில்லை. பூசாரி நடை சாத்த வேண்டும் என்று சாவிக்கொத்தை ஆட்டினார். "ஃபேனைப் போடச் சொல்லு, எந்தப் பக்கமாவது விழும்" என்றேன். நீ என்னை முறைத்த முறை இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "யோசிக்க சொல்றா. இன்னொரு தபா போய் மெஷின பாத்துட்டு வருவோம்" என்றாய். அந்த வெயிலில், மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்ட ரோட்டில், பல்லைக் கடித்துக்கொண்டு உன் பின்னால் உட்கார்ந்து வந்தேன். முதல் நாள் நான் மெஷினை ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை நீ நிறுத்திவைத்து, கையால் அசைத்துப் பார்த்தாய். கல் சுழலும் அச்சு, அந்த ஸ்பிண்டில், ஆடியது. அந்த மெஷினை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வேறொன்று வாங்கினோம். அதுதான் இன்றைக்கும் ஓடுகிறது. "இது சாமி இல்லப்பா, ரெண்டாவது தடவை பார்த்ததால வந்த லாபம்" என்றேன். "ரெண்டாவது தபா பாக்க சொன்னது யாரு?" என்றாய்.

சரி, இப்போது அந்த நானூறுக்கு வருகிறேன்.

அந்த வருஷமும் ஆயுத பூஜைதான். நம் ஷெட்டுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர், நானூறு ஷாஃப்ட். விட்டத்தில் வித்தியாசம் பதின்மூன்று மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று நான் உன் வீட்டுக்காரிக்கு விளக்கினேன். அவர், "தலமுடிய எதுக்குண்ணா அஞ்சா கிழிக்கணும்?" என்று கேட்டார். நானூறையும் முடித்து, எண்ணெய் பூசி, பலகையில் வரிசையாக அடுக்கிவிட்டோம். பூஜை முடிந்து மூன்று நாள் விடுமுறை, திங்கட்கிழமை லாரி. அன்று எனக்கு ஊருக்குப் பஸ். கற்பூரம் காட்டியதும் பொரி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் போன பிறகு நீ என்ன செய்தாய்? மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்தாய், ஸ்பேனருக்கு வைத்தாய், தராசுக்கு, வண்டிக்கு, தண்ணீர்க் குடத்துக்கு வைத்தாய். பிறகு உன் பார்வை பலகைமேல் போனது. முதல் பெரிய ஆர்டர், அதற்குப் பொட்டு இல்லாமலா? எண்ணெய்மேல் சந்தனம் ஒட்டவில்லை. அதனால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தாய். சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாய். நானூறுக்கும். யாரும் உதவிக்கு இல்லாமல், ஒண்டியாய் உட்கார்ந்து. வைத்து முடித்துக் கதவைப் பூட்டிக்கொண்டு போனாய். மூன்று நாளும் மழை கொட்டியது.

திங்கட்கிழமை நான் வந்து பார்த்தேன். நீ பலகைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாய். காய்ந்த சந்தனத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாய். சந்தனம் போயிற்று. அதற்கு அடியில் இருந்த துரு போகவில்லை. நானூறு ஷாஃப்ட், நானூறு பழுப்புப் பொட்டு. "இன்னா நைனா இப்படி ஆயிடுச்சி" என்றாய். நான் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவ்வளவையும் நீ வாங்கிக்கொண்டாய்.

லாரியைத் திருப்பி அனுப்பினோம். நான்கு பகல் மெஷினை விட்டு நகரவில்லை. துருவை எடுத்தால் விட்டம் குறையும், குறைந்தால் ரிஜெக்ட். பார்த்துப் பார்த்து எடுத்ததில் முக்கால்வாசி தேறியது. எண்ணிப் பார்த்தால் முந்நூற்றுத் தொண்ணூற்று ஒன்பதுதான் இருந்தது. ஒன்றைக் காணோம். ஷெட் முழுக்கத் தேடினோம். "அம்மன் எட்த்துக்கினா" என்றாய். "அம்மனுக்கு ஷாஃப்ட் எதுக்குய்யா?" என்று கத்தினேன். அது உருண்டுபோய் மெஷினுக்குப் பின்னால் விழுந்து கிடந்திருக்கிறது. நாமும் துப்புரவாகத் தேடவில்லை.

கம்பெனிக்கு என்ன சொல்வது என்று நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். மழை, ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, இயற்கைச் சீற்றம். இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி முன்னால் நான் தொண்டையைச் செருமுவதற்குள் நீ முந்திக்கொண்டாய். "சார், பொட்டு வெச்சது நான் தான். எண்ணெய துடைச்சதும் நான் தான். அவருக்கு ஒண்ணும் தெரியாது, ஊருக்குப் போயிட்டாரு." அந்த மனிதர் ஷாஃப்டைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "ஏங்க, ஒவ்வொண்ணுக்குமா?" என்றார். "ஆமா சார். ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ணுக்கு வெக்கலன்னா அத்து மனசு கஷ்டப்படும்ல?" என்றாய். அவர் பல்லைக் கடித்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துவிட்டார். தேறியதை வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பத்து நாளில் தரச் சொன்னார். வெளியே வந்ததும், மழைமேல் பழியைப் போட்டிருக்கலாமே என்றேன். "சாமிய கும்புட்டுட்டு பொய் சொன்னா, அத்து அவரு மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்" என்றாய்.

அன்றைக்கு அத்தோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. ஷெட்டுக்கு வந்து சாமி படத்தைக் காட்டி, "இதை உன் வீட்டில் வைத்துக்கொள். இனிமேல் உன் சாமி என் மெஷின் பக்கம் வரக் கூடாது" என்றேன். நீ, "உன் மெஷினா?" என்று மட்டும் கேட்டாய். இடம் என்னுது என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தீர்த்திருப்பேன். மறுநாள் காலையில் படம் எதிர்ச் சுவரில், தண்ணீர்க் குடத்துக்கு மேலே போயிருந்தது. ஆணி அடித்த தூசியைக்கூட நீ பெருக்கி வைத்திருந்தாய். அதைப் பார்த்தபோது எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து நீயே வழிக்கு வந்தாய். மெஷினைப் புது வேலைக்குத் திருப்பும்போது முதல் இரண்டு மூன்று பீஸ் அளவு தப்பித்தான் வரும். செட்டிங் பீஸ் என்று ஓரமாகப் போட்டுவிடுவோம். இனிமேல் பொட்டு அதற்கு மட்டும்தான் என்றாய். நானும் சும்மா இருக்காமல், "சாமிக்குப் போய் ரிஜெக்ட் பீஸா?" என்றேன். "ரிஜெக்ட் எல்லாம் வேற யாரு நைனா ஏத்துப்பாங்க?" என்றாய். அன்றுமுதல் ஒவ்வொரு வேலையின் செட்டிங் பீஸும் படத்துக்குக் கீழே பலகையில் பொட்டோடு உட்கார்ந்தது. துருப்பிடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. நீ போகும்போது அந்தப் பலகை நிறைந்து, இரண்டாவது பலகையும் பாதி நிறைந்திருந்தது.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதிவிட முடிகிறது. எழுத வராத இடத்துக்கு இப்போது வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில், உன் ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம். உன் வீட்டுக்காரி கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். நீ கட்டிலில் சாய்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எண் இருக்கிற காகிதத்தைக் கையில் கொடுத்தால் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. நீ கூப்பிட்டாய். "நைனா, எனக்கோசரம் நீ ஒரு தபா கேளேன்."

"யார்கிட்ட?" என்றேன். புரிந்தேதான் கேட்டேன்.

"அவர்கிட்ட தான். நான் தினம் நச்சரிச்சிகினே கீறேன், அவருக்கும் சலிச்சிப் போயிருக்கும். நீ கேட்டதே இல்ல. புதுக் கொரலா இருந்தா திரும்பிப் பாப்பாரு" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் உன் கை போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

நான் சொன்னது இது: "எல்லா அளவும் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. ஒண்ணும் ஆகாது. தூங்கு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரும் நர்ஸுகளும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மூன்றாம் நாள் விடிகாலையில் உன் இதயம் நின்றுவிட்டது. நான் கேட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை, அது உனக்கே தெரியும். என் கோளாறு வேறு. பத்தொன்பது வருஷத்தில் உனக்காக என்று நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பயந்துபோயிருந்த உனக்கு நான் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடி ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் என் கௌரவம் என்ன கெட்டுப்போயிருக்கும்? எட்டு மாதமாக இதுதான் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் பூஜையே வேண்டாம், விடுமுறை மட்டும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது உன் வீட்டுக்காரி ஷெட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வராமல் நின்றார். உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டேன். பையிலிருந்து உன் குங்கும டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். மெஷினில் இரும்பை வெட்டுகிற டிப் வாங்கும்போது வருமே, அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா, மூடியில் உன் விரல் ரேகையோடு. "எங்க ஊட்ல இந்த வருசம் பண்டிக இல்லண்ணா. ஆனா மெஷினுங்க இன்னா பாவம் பண்ணுச்சி? அதுங்களுக்கு நீங்க வெச்சிடுங்க" என்றார். எனக்குத் தெரியாதே என்றேன். "அவருக்கு மட்டும் இன்னா தெரியும்? மந்தரமா சொன்னாரு? நின்னாரு, கேட்டாரு" என்றார்.

ஆக, நேற்று நான் பூஜை செய்தேன். சிரிக்காதே. முதலில் குங்குமத்தைத் தொட்டுவிட்டேன். "சார், சந்தனம் மொதல்ல" என்றாள் செல்வி. கற்பூரம் மூன்று தடவை அணைந்தது. பூஜைக்கும் வந்து உட்கார்ந்திருந்த உன் வீட்டுக்காரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து ஃபேனை நிறுத்தினார். ஃபேனைப் போடச் சொன்னவனுக்கு ஃபேனாலேயே வந்தது வினை. படத்தைக் குடத்துக்கு மேலிருந்து கழற்றி, பழைய இடத்திலேயே, மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். அந்தப் பழைய ஆணி இன்னும் அங்கேயேதான் இருந்தது.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "எதனா சொல்லுங்க சார், அண்ணா சொல்லுவாருல்ல" என்றாள் செல்வி. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். "கை தப்பினா கண்ணுல காட்டு" என்றேன். சத்தமாகவே சொன்னேன். உன் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு கண்ணை மூடினேன். நீ கேட்கச் சொன்னது பாக்கி இருந்ததே. போனவனுக்காக என்ன கேட்பது? எனக்கு முறை தெரியவில்லை. உன்னிடம் பேசுகிற மாதிரிதான் அவரிடமும் பேசினேன். "நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. எங்கள் ஆள் ஒருவன் அங்கே வந்திருக்கிறான். எதற்கெடுத்தாலும் கேட்டுக்கொண்டே இருப்பான். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லு. நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்." அவ்வளவுதான் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது கற்பூரம் முடிந்துபோயிருந்தது. செல்வி தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நாளைக் காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பேன். யாராவது கேட்டால் முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிக்கொள்வேன்.

நேற்று பொரி கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டு, முடித்த பீஸையெல்லாம் நானே ஒரு தடவை பார்த்தேன். ஒன்று விடாமல் எண்ணெய் பூசினேன். நானூறாவது ஷாஃப்டை மட்டும் நன்றாகத் துடைத்து, நீ வைத்த அதே துருவின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்து, படத்துக்குக் கீழே சாய்த்தேன். வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் எண்ணெய் பூசாமலே பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.